பேரு எங்க தம்பி?

வணக்கம் சார். எங்க தாத்தாவோட பெரியப்பா முதல் உலகப்போருக்கு மெசபடோமியா (இப்ப ஈராக்) போனவர், திரும்பி வரல. அவருக்கு எங்க நிலத்துல ஒரு கல்லு நடலாம்னு சொன்னேன். வெள்ளக்காரன் சம்பளத்துக்கு செத்தவனுக்கு எதுக்குடா கல்லுன்னு மாமா கத்துறார், ஃபேமிலி குரூப்ல ஒரே சண்டை. நீங்க என்ன சொல்றீங்க?
குடியாத்தத்திலேர்ந்து ஒரு வாசகர்

தம்பி,

மாமா கத்துறத விடுங்க. நம்ம பக்கத்து நடுகல்லுல நிக்கிறவன்ல பாதிப்பேரு எவனோ ஒரு தலைவனோட மாட்டுக்காகச் செத்தவன்தான், அதுக்காக யாரும் கல்ல பிடுங்கிப் போட்டுடல. குரூப்ப ம்யூட் பண்ணுங்க.

எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. அதே ஈராக்ல பாஸ்ரா பக்கம் ஒரு நினைவுச்சின்னம் இருக்கு, 1929-ல திறந்தது. 1914 கடைசிலேர்ந்து 1921 வரைக்கும் அந்தப் பக்கம் செத்து, கல்லறைன்னு ஒண்ணு இல்லாதவங்க நாப்பதாயிரத்துக்கு மேல, அவங்களுக்காகக் கட்டினது. வெள்ளக்கார சிப்பாய்னா கடைசி ப்ரைவேட் வரைக்கும் பேர் வெட்டியிருக்கான். நம்மாளுன்னா ஆபீசருக்கு மட்டும் பேரு, மிச்ச சிப்பாய்ங்களுக்கு ரெஜிமெண்ட் பேர போட்டு கீழ இத்தன பேருன்னு ஒரு நம்பர், அவ்ளோதான். செத்தவங்கள்ல பெரும்பான்மை நம்மாளுங்க, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க. இதுக்கு 2021-லதான் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் மன்னிப்பு கேட்டுது, நூறு வருஷம் கழிச்சு.

அவ்ளோ தூரம் எதுக்கு, வேலூர் லாங் பஜார் மணிக்கூண்ட எத்தன தடவ தாண்டிப் போயிருப்பீங்க? அதுல ஒரு கல்வெட்டு, இந்த ஊர்லேர்ந்து அந்தப் போருக்கு 277 பேர் போனாங்க, 14 பேர் உயிர் விட்டாங்கன்னு. யாரு அந்த 14 பேர்? அது அதுல இல்ல. பூக்கூடைக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல நின்னு அண்ணாந்து படிச்சுட்டு அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

இப்ப செங்கம் பக்கம் எடுத்தனூருக்கு வாங்க. மகேந்திரவர்மனோட 34-ஆவது ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டுக் கல்லு. கருந்தேவகத்தின்னு ஒருத்தன் எருமைய காக்கப் போய் செத்துட்டான். அவன் பேர் இருக்கு, சரி. அவன் பக்கத்துல அவன் நாயையும் செதுக்கி, கோவிவன்ங்கிற நாய் கள்ளன கடிச்சுக் காத்து நின்னுதுன்னு அதுக்கும் தனியா எழுதி வச்சிருக்கான்யா! ஆடு மாடு மேய்ச்ச ஊரு, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு ஒரு நாய்க்குக்கூட பேர் இல்லாம கல்லு நடக்கூடாதுன்னு. ஒரு சாம்ராஜ்யத்துக்குத் தெரியல.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். கல்லு எங்க நடணும், மாமா என்ன சொன்னார், குரூப்ல யாரு எக்ஸிட் ஆனாங்க எல்லாம் இருக்கு (அதையெல்லாம் வெட்டிட்டுத்தான் மேல போட்டிருக்கேன்). அந்த மனுஷன் பேர் ஒரு எடத்துலகூட இல்ல. தாத்தாவோட பெரியப்பா, தாத்தாவோட பெரியப்பா! கல்லுல அதையா வெட்டப் போறீங்க? பாஸ்ராக்காரன் செஞ்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கோவிச்சுக்காதீங்க. நூறு வருஷம் கழிச்சு அவருக்காக வீட்ல சண்ட போட ஒரு ஆள் இருக்கிறதே பெருசு, அங்க குத்-ங்கிற ஊர்ல துருக்கிக்காரன் போட்ட முற்றுகைல மாட்டினாரோ காலராவுல போனாரோ, பாவம்.

தொண்ணூறு வயசு அத்தப்பாட்டி இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல, கொத்தனார்ட்ட அப்புறம் போலாம், முதல்ல அவங்ககிட்ட போங்க. அவர் பேரு, அவங்கப்பா பேரு, ரெண்டும் கேளுங்க. ஆணையத்தோட வெப்சைட்ல இப்ப பேர் போட்டுத் தேடலாம், ஸ்பெல்லிங் கண்டமேனிக்கு இருக்கும், விடாதீங்க, சிலதுல அப்பா பேரும் ஊரும்கூட போட்டிருக்கும். கிடைச்சா எனக்கு மெயில் போடுங்க, கிடைக்கலன்னாலும் போடுங்க.