வேலை முடிந்த பிறகும் வேலை நினைப்பு போகவில்லை. என்ன செய்யலாம்?

நேரத்தைப் பிரிப்பது எளிது, மனதைப் பிரிப்பதுதான் கஷ்டம். ஆறு மணிக்கே கிளம்பினாலும் பாதியில் விட்ட வேலை கூடவே வரும். முடித்த வேலையைவிட முடிக்காத வேலைதான் அதிகம் நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927-லேயே எழுதினார்.

அதனால் கிளம்புமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, மிச்ச வேலையை எழுதிவையுங்கள். 'அறிக்கை' என்று மொட்டையாக எழுதினால் போதாது. 'நாளை காலை முதலில் மூன்றாம் பகுதிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்' என்கிற அளவுக்குத் தெளிவு வேண்டும். இப்படித் திட்டம் போட்டாலே முடிக்காத வேலையின் நச்சரிப்பு குறைகிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அப்புறம் கைபேசி. அலுவலக வாட்ஸ்அப் குழுவின் ஒலியை நிறுத்திவிட்டு, அவசரம் என்றால் அழைக்கச் சொல்லுங்கள். அழைக்கத் தயங்கும் விஷயம் பெரும்பாலும் அவசரமே இல்லை.

சரி, மேலாளரே இரவில் பதில் எதிர்பார்த்தால்? அங்கே தனி ஒருவரின் கட்டுப்பாடு எடுபடாது. பிரான்சில் வேலைநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் குழுவாகப் பேசி ஒரு நேரத்தை முடிவு செய்வதே நல்லது. ஒருவர் மட்டும் பதில் போடாமல் இருந்தால் பழி அவர் தலையில்தான் விழும்.