முட்டை இருந்தது, குஞ்சைக் காணோம்: குள்ள சிக்லிட் கேள்வி பதில்

கேள்வி: செடி வைத்த 60 லிட்டர் தொட்டியில் ஒரு ஜோடி அப்பிஸ்டோகிராமா காக்கட்டுவாய்டஸ் (ஒரு குள்ள சிக்லிட் மீன்) இருக்கிறது. பெண் மீன் இரண்டு முறை சிரட்டைக்குள் முட்டையிட்டது. இரண்டு முறையும் மூன்றாம் நாள் முட்டையைக் காணவில்லை. வெப்பம் 27 டிகிரி, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 380, பி.எச். (அமில-கார அளவு) 7.6. தாயே தின்றுவிடுகிறதா?

பதில்: முதலில் நன்றாகப் பார்த்துவிடுங்கள். 27 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுகள் நீந்தாது. வாலை மட்டும் துடித்தபடி சிரட்டையின் அடியில் குவிந்து கிடக்கும். தாய் அவற்றை வாயில் கவ்வி வேறு மறைவுக்கு மாற்றுவதும் உண்டு. சிரட்டையைத் தூக்காமல், வாசல் வழியாகச் சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். தூக்கிப் பார்த்தால், பயந்துபோய் நிஜமாகவே தின்றுவிடும்.

முட்டை செந்நிறமாக இருந்தால் நல்லது. வெள்ளையாகிப் பஞ்சு படர்ந்தால் அது செத்த முட்டை. தாய் அதைப் பொறுக்கித் தின்பது மற்ற முட்டைகளைக் காப்பாற்றத்தான். உங்கள் தண்ணீரின் அளவைப் பார்த்தால் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். காக்கட்டுவாய்டஸ் கடின நீரில் உயிர் வாழும், ஆனால் முட்டை தேறுவது வேறு விஷயம். மூன்று பங்கு ஆர்.ஓ. (உப்பு நீக்கி வடிகட்டிய) தண்ணீரில் ஒரு பங்கு உங்கள் தண்ணீரைக் கலந்தால் டி.டி.எஸ். 100-ஐ ஒட்டி வரும். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் 15 சதவீதம் வரை இந்தக் கலவையை ஊற்றி, சில வாரங்களில் மெல்ல இறக்குங்கள். பி.எச்.-ஐக் குறைக்கக் காய்ந்த நாட்டுப் பாதாம் இலை போட்டும் அது குறையவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் கார்பனேட் கடினம், அதாவது பி.எச். இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் உப்புகள். அந்தக் கடினம் குறையாமல் இலையால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

முட்டையிட்டதும் பெண் மஞ்சளாகி ஆணை விரட்டும். ஆண் கிழிந்த துடுப்போடு மேல் மூலையில் ஒதுங்கி நின்றால் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். நத்தைகளையும் எடுத்துவிடுங்கள், முட்டைக்கு ஆகாது. பொரிந்து நாலைந்து நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அன்றே புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்பு நீரில் பொரிக்கும் நுண் இறால்) வேண்டும். அது பொரிய 24 முதல் 36 மணி நேரம் ஆவதால் முந்தைய நாளே போட்டுவையுங்கள். உப்பு நீரை வடித்து, நல்ல தண்ணீரில் அலசிய பிறகே கொடுக்க வேண்டும்.

கேள்வி: இந்த மீனுக்காகப் புதிதாகத் தொட்டி அமைக்கிறேன். செடிகளுக்குச் சாயில் (சத்து மண்), கார்பன் டை ஆக்சைடு எல்லாம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்த மீன்கள் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாக விடுபவை; கூர்மையில்லாத நுண்மணல் போதும். சாயில் முதல் சில வாரம் அமோனியாவை விடும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகிய இரண்டு செடிகளையும் கட்டையில் கட்டுங்கள், வேர்த்தண்டை மணலில் புதைத்தால் அழுகும். ஜாவா மாஸ் என்ற பாசி நிறைய வேண்டும், குஞ்சுகள் அதில்தான் மேயும். ஸ்பாஞ்ச் (பஞ்சு) ஃபில்டர்தான் சரி, மற்றவை குஞ்சை உறிஞ்சிவிடும். முட்டையிட வைக்கும் குகையின் (சிரட்டை போன்ற மறைவின்) வாசல் பெண் நுழையும் அளவுக்கு மட்டும், சுமார் 3 செ.மீ. இருக்கட்டும். மீனைவிடும் முன் நான்கு முதல் ஆறு வாரம் தொட்டியைச் சைக்கிள் செய்து (கழிவை முறிக்கும் பாக்டீரியாவை வளரவிட்டு), அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகிவிட்டதா என்று சோதியுங்கள்.

விளக்கைப் படக்கென்று அணைக்காதீர்கள். இருட்டும் முன் தாய் குஞ்சுகளைக் கூட்டிச் சேர்க்கும். அதற்கு நேரம் கொடுக்காவிட்டால் அவை சிதறி, மற்ற மீன்களுக்கு இரையாகும்.

கேள்வி: வளர்ந்த குஞ்சுகள் பெரும்பாலும் ஆணாகவே இருக்கின்றன. ஏன்?

பதில்: ஹீட்டரைப் பாருங்கள். அப்பிஸ்டோ இனங்களில் குஞ்சின் முதல் சில வார வெப்பம் பாலினத்தைப் பாதிக்கும். 29 டிகிரியைத் தாண்டினால் ஆண்கள் கூடும். 26 டிகிரியில் வையுங்கள்.