எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கிறதா?

கேள்வி: வேலை காரணமாக தினமும் நாலைந்து மணி நேரம் போனில் பேசுகிறேன். ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ உண்டு என்று ஒரு இயர்பட்ஸ் வாங்கினேன். பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆனால் போனில் பேசினால், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள். லேப்டாப்பில் மீட்டிங் ஆரம்பித்தாலோ எனக்கே சத்தம் மங்கிவிடுகிறது. எந்த மாதிரி ஹெட்செட் வாங்கலாம்?

பதில்: உங்கள் இயர்பட்ஸில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பெட்டியில் ஏஎன்சி என்று போட்டிருக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் வெளிச்சத்தம் உங்கள் காதுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். உங்கள் குரலோடு சேர்ந்து எதிர்முனைக்குப் போகிற இரைச்சலை வடிகட்டுவது வேறு வேலை, அதைப் பெரும்பாலும் இஎன்சி என்று போடுவார்கள்.

அந்த எழுத்துகளைவிட முக்கியம், மைக் எங்கே இருக்கிறது என்பது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும், சுற்றியிருக்கும் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். இயர்பட்ஸின் மைக் காதோரத்தில் இருப்பதால் குரலை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க உள்ளே இருக்கிற சிப் படாதபாடு படுகிறது, அப்படிப் பிரிக்கும்போது குரலிலும் கொஞ்சத்தை வெட்டிவிடுகிறது. கிணற்றுச் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

அதனால் நாலைந்து மணி நேரம் பேசுகிற உங்களுக்கு, கன்னத்தை ஒட்டி நீளும் குச்சி மைக் உள்ள ஹெட்செட்டைத்தான் சொல்வேன். பூம் மைக் என்று கேளுங்கள். அதை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள்; நேராக வைத்தால் ‘ப’ சொல்லும்போதெல்லாம் மூச்சுக்காற்று மைக்கில் மோதி ‘புஸ்’ என்று கேட்கும்.

லேப்டாப் விஷயம் வேறு. வழக்கமான புளூடூத் பாட்டுக்கு ஒரு வழியையும், மைக்கோடு பேசுவதற்கு இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. மைக் தேவை என்றதும் இரண்டாவது வழிக்கு மாறிவிடும், அதில் தரம் குறைவு. பழைய முறையில் குரலை நொடிக்கு 8,000 தடவைதான் அளக்கும், எம்எஸ்பிசி என்ற முறையில் 16,000. ஹெட்செட், லேப்டாப் இரண்டிலும் எம்எஸ்பிசி இருந்தால்தான் பலன். இப்போதைக்கு, மீட்டிங் செட்டிங்கில் மைக்கை மட்டும் லேப்டாப்பின் சொந்த மைக்குக்கு மாற்றிப் பாருங்கள், காதில் கேட்பது பெரும்பாலும் பழையபடி தெளிவாகிவிடும். புதிதாக வாங்கும்போது யுஎஸ்பி டாங்கிளோடு (லேப்டாப்பில் செருகுகிற சின்ன இணைப்புத் துண்டு) வருவதாக வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

போன், லேப்டாப் இரண்டிலும் ஒரே நேரத்தில் இணைய மல்டிபாயின்ட் வேண்டும். அப்புறம், கையால் தடவியதும் சிக்குகிற ம்யூட் பட்டன். பேட்டரிக்கு ‘டாக் டைம்’, அதாவது பேசுகிற நேரம் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள், பெரிதாக அச்சடித்திருப்பது பாட்டு கேட்கிற நேரமாக இருக்கும்.

வாங்கியதும் நீங்கள் மாட்டிக்கொண்டு சோதிக்காதீர்கள். வீட்டில் ஒருவர் காதில் மாட்டிவிட்டு, ஓடுகிற ஃபேன் பக்கத்தில் உட்காரவைத்து உங்களுக்குக் கால் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் வேறு அறையில் இருந்து கேளுங்கள். ஃபேன் சத்தம் லேசாகக் கேட்டால் பரவாயில்லை. சொற்களின் கடைசி எழுத்துகள் விழுங்கப்பட்டால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.