வாசகர் கேள்வி: பேச்சே தொழிலாக முப்பது ஆண்டுகள்

கேள்வி: விளையாட்டைப் பற்றிப் பேசியே வானொலியில் நெடுங்காலம் நிலைத்தவர் எவரேனும் உண்டா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நியூயார்க்கின் மைக் ஃபிரான்செசா அப்படி நிலைத்தவர். சிபிஎஸ் தொலைக்காட்சியின் விளையாட்டுப் பிரிவில் திரைக்குப் பின்னால் தகவல் திரட்டித் தந்துகொண்டிருந்த அவர், நாள் முழுவதும் விளையாட்டை மட்டுமே பேசுவதற்கென 1987 ஜூலையில் தொடங்கப்பட்ட டபிள்யூஎஃப்ஏஎன் நிலையத்தில் சேர்ந்தார். 1989 செப்டம்பரில் கிறிஸ் ருஸ்ஸோவுடன் அவர் தொடங்கிய பிற்பகல் நிகழ்ச்சி 2008 ஆகஸ்ட் வரை நீடித்தது. ருஸ்ஸோ உச்சக்குரலில் படபடப்பார். ஃபிரான்செசாவோ தீர்ப்பு வாசிக்கும் நீதிபதியைப் போல நிதானமாக அறுதியிட்டுச் சொல்வார். நிகழ்ச்சியின் உயிர்நாடி இந்த முரண்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

தொலைபேசியில் காத்திருந்து இணைப்புப் பெறும் நேயர், "முதல்முறை பேசுகிறேன், நெடுநாளாகக் கேட்கிறேன்" என்று தொடங்குவது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. முந்தைய இரவு தோற்ற அணியின் ரசிகர் மனம் நொந்து கேட்கும் கேள்விக்கு, எழுதிவைத்த உரை ஏதுமின்றி நினைவிலிருந்தே பதில் சொல்லும் ஆற்றல், பல்லாண்டுப் பயிற்சியால் மட்டுமே வருவது. ருஸ்ஸோ செயற்கைக்கோள் வானொலிக்குச் சென்றபின் தனியாகவே தொடர்ந்த ஃபிரான்செசா, 2017 டிசம்பரில் விடைபெற்றார். ஆனால் ஆறு மாதம்கூட ஆகுமுன் அதே ஒலிவாங்கிக்குத் திரும்பிவிட்டார்.