தாய்லாந்தில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் அங்கே சொந்த வீடு வாங்கலாமா? வாங்கியவர்களின் அனுபவம் என்ன?

வாங்கலாம், ஆனால் காண்டோ, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் உள்ள வீடு மட்டும். நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் பெயரில் நிலம் பதிவாகாது. இவ்வளவோடு பதிலை முடித்திருக்கலாம். ஆனால் கேள்வியில் நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று விஷயங்கள் என்னை நீட்டி எழுத வைக்கின்றன: இரண்டு வருட ஒப்பந்தத்தில் பாங்காக் வந்திருக்கிறீர்கள், வாடகை வீண் செலவாகத் தெரிகிறது, ஒரு ஏஜெண்ட் ஹுவா ஹின் என்ற கடலோர ஊரில் தோட்டத்தோடு வில்லா காட்டுகிறார். 2012-இல் நான் இங்கே வந்தபோது என் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். வில்லா மட்டும் இல்லை.

முதலில் காண்டோ. 1979-ஆம் வருடக் காண்டோமினியம் சட்டப்படி, ஒரு கட்டடத்தில் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அந்த ஒதுக்கீட்டுக்குள் வாங்கினால் வீடு முழுக்க உங்களுடையது. குத்தகை இல்லை, பினாமி இல்லை. விற்கலாம், உயில் எழுதலாம். பதிவு அலுவலகம் தரும் பத்திரத்தில் உங்கள் பெயர் தாய் எழுத்தில் இருக்கும். என் பெயரை நானே அடையாளம் கண்டுகொள்ள ஒரு வாரம் ஆனது.

சிக்கல் அந்த 49-இல்தான். வெளிநாட்டவர் விரும்பும் பகுதிகளில் பல கட்டடங்களில் ஒதுக்கீடு நிரம்பிவிடும். 2017-இல் ராட்சடா பக்கம் ஒரு வீடு பிடித்துப்போய், ஏஜெண்ட் "இடம் இருக்கிறது" என்று சொன்னதை நம்பி 50,000 பாட் (தாய்லாந்துப் பணம்) முன்பணம் கொடுத்தேன். பிறகு காண்டோ நிர்வாகத்திடம் கடிதம் கேட்டால், ஒதுக்கீடு நிரம்பி எட்டு மாதம் ஆகிவிட்டதாம். ஒதுக்கீடு கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அதனால் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் இரண்டு கடிதம் கேளுங்கள். ஒன்று, வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறது என்பதற்கு. இன்னொன்று, பழைய உரிமையாளர் பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி வைக்கவில்லை என்பதற்கு. இரண்டையும் தர வேண்டியது ஜூரிஸ்டிக் அலுவலகம், அதாவது அந்தக் கட்டடத்தின் நிர்வாக அமைப்பு. பதிவு அன்று எப்படியும் இவை வேண்டும். ஏஜெண்டுகள் அந்த நேரத்தில்தான் வாங்குவார்கள், நாம் முன்பணத்துக்கு முன்பே கேட்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது பணம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீங்கள் இங்கே சம்பாதித்து, இங்கே வங்கியில் சேர்த்து வைத்த பாட் பணத்தைக் கொண்டு காண்டோ வாங்க முடியாது. நிரந்தரமாக வசிக்கும் அனுமதி இருந்தால் வேறு கதை. மற்றவர்களுக்கு, வீட்டு விலை வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியாக வந்தது என்று காட்ட வேண்டும். வருடக்கணக்கில் சேமிப்பை இங்கேயே வைத்திருந்த நண்பர் ஒருவர் அந்தப் பணத்தை முறையாக வெளியே அனுப்பி, மறுபடி டாலராக உள்ளே கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் மாற்று விகிதத்தில் நஷ்டம், சம்பளச் சான்று, வேலை அனுமதி, வரிக் கணக்கு என்று கட்டுக் காகிதம். நான் மாதாமாதம் வெளியே அனுப்பிச் சேமித்திருந்ததால் தப்பித்தேன். அப்படியும் அனுப்பும் வங்கி "நாங்களே பாட் ஆக மாற்றி அனுப்பிவிடுகிறோம், விகிதம் நல்லது" என்று ஆசை காட்டியது. சம்மதிக்காதீர்கள். வெளிநாட்டுப் பணமாகவே வந்து தாய்லாந்து வங்கியில்தான் மாற வேண்டும், எதற்காக வருகிறது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்கு வங்கி தரும் சான்று இல்லாவிட்டால் பதிவு நடக்காது. நாளைக்கு வீட்டை விற்றுப் பணத்தை வெளியே எடுத்துப் போகவும் அதே சான்றைத்தான் கேட்பார்கள். என் வீட்டில் பத்திரத்துக்கு ஒரு உறை என்றால் இதற்கு இரண்டு பிரதி.

இதோடு ஒட்டிய வரி விஷயம் ஒன்று. வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் நீங்கள் வரி வகையில் இங்கே வசிப்பவர். வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை இங்கே கொண்டுவந்தால் அதற்கு வரி உண்டு என்று 1 ஜனவரி 2024 முதல் விதியை இறுக்கியிருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு முன் ஈட்டியதற்கு விலக்கு இருக்கிறது. ஆகவே எந்தப் பணம் எந்த வருடத்தியது என்று காட்டும் கணக்கறிக்கைகளை எடுத்து வையுங்கள். பெரிய தொகை என்றால் ஒரு வரி ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் இல்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். 2018-இல், ஒன் நுட் பக்கம், புதிதல்லாத கட்டடம், 52 சதுர மீட்டர், 42 லட்சம் பாட். வங்கிக் கடன் இல்லை. இங்கே வங்கிகள் வெளிநாட்டவருக்கு வீட்டுக் கடன் கொடுப்பது அபூர்வம். பதிவுக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம், அதை விற்பவரோடு பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். விற்பவர் வாங்கி ஐந்து வருடம் ஆகவில்லை என்றால் பொதுவாக 3.3 சதவீதம் தனி வரி வரும். அதை யார் கட்டுவது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், கடைசி நாளில் நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பராமரிப்புக் கட்டணம் சதுர மீட்டருக்கு மாதம் 45 பாட், அதாவது 2,340. வருடச் சொத்து வரி சில நூறு பாட்தான், அதில் புகார் இல்லை. அதே கட்டடத்தில் அதே அளவு வீடு அப்போது மாதம் 18,000-க்கு வாடகைக்குக் கிடைத்தது. வருடத்துக்கு 2,16,000. நான் போட்ட பணத்தில் ஐந்து சதவீதம் சொச்சம். பராமரிப்பு, பழுது, ஏசி எல்லாம் கழித்தால் நாலு சதவீதம் மிஞ்சினாலே அதிகம். இன்று விற்றால் வாங்கிய விலை வருமா என்று கேட்டால், வரலாம். சுற்றிலும் வருடாவருடம் புதுக் கோபுரங்கள் எழும்பிக்கொண்டே இருக்கும் ஊரில் பழைய கட்டடத்து வீட்டை விலை ஏறும் என்று நம்பி வாங்கக் கூடாது. நான் வாங்கியது சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பதற்காகத்தான். அந்தச் சுகத்துக்கு விலை கொடுத்தேன் என்று தெரிந்தே கொடுத்தேன்.

நமக்குப் போக வாடகைக்கு விடலாம் என்ற யோசனை இருந்தால், 30 நாளுக்குக் குறைவாக நாள் வாடகைக்கு விடுவது ஹோட்டல் சட்டத்தில் மாட்டும். ஆன்லைனில் ஆயிரம் வீடு தெரிகிறதே என்பீர்கள். தெரியும், ஜூரிஸ்டிக் புகார் கொடுக்கும்வரை.

சரி, ஹுவா ஹின் வில்லா. ஏஜெண்ட் உங்களிடம் இரண்டு வழி சொல்லியிருப்பார்.

முதல் வழி குத்தகை. நிலம் 30 வருடக் குத்தகை, மேலே உள்ள வீடு உங்கள் பெயரில். இது சட்டப்படி சரியானதே. ஆனால் விளம்பரத்தில் "30+30+30" என்று 90 வருடக் கணக்கு போடுவார்கள். சட்டம் ஒப்புக்கொள்ளும் உச்சம் 30 வருடம். மீதி இரண்டு முப்பதும் நில உரிமையாளர் கொடுக்கும் வாக்கு. முப்பது வருடம் கழித்து அவர் இருப்பாரா, அவர் பிள்ளைகள் அந்த வாக்கை மதிப்பார்களா? 30 வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டிக் கட்டுகிறோம் என்று நினைத்து விலை சரியாக வந்தால் எடுங்கள். குத்தகை மூன்று வருடத்துக்கு மேல் என்றால் நில அலுவலகத்தில் பதிந்தால்தான் அந்த முழுக் காலத்துக்கும் செல்லும், வெறும் கையெழுத்துப் போதாது. நிலப் பத்திரம் எந்த வகை என்றும் பாருங்கள். மேலே கருடன் முத்திரை இருக்கும். சிவப்புக் கருடன் என்றால் சானோட், எல்லை அளந்து தீர்த்த முழு உரிமைப் பத்திரம். பச்சை அதற்கு ஒரு படி கீழே, கறுப்பு அதற்கும் கீழே. விவசாயச் சீர்திருத்த நிலத்துக்கு நீலம், அதை விற்பனைக்கே கொண்டுவரக் கூடாது. சிவப்பு இல்லையென்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது வழி கம்பெனி. ஒரு கம்பெனி தொடங்கி, 49 சதவீதப் பங்கு உங்களுக்கு, 51 தாய்லாந்துக்காரர்களுக்கு, நிலம் கம்பெனி பெயரில். கேட்கக் கச்சிதமாக இருக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்படித்தான் ஒரு கடலோர ஊரில் வீடு வாங்கினார். அந்த 51 சதவீதம் யார் என்று பார்த்தால், கம்பெனி பதிந்து கொடுத்த கணக்கர் அலுவலகத்து ஊழியர்கள் இருவர். ஒரு பாட் முதலீடு செய்யாதவர்கள். இதற்குப் பெயர் பினாமிப் பங்குதாரர், 1999-ஆம் வருட வெளிநாட்டவர் தொழில் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, 10 லட்சம் பாட் வரை அபராதம். பெயர் கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான். தொழிலே செய்யாத கம்பெனிக்கு வருடாவருடம் தணிக்கை, கணக்குத் தாக்கல் என்று அவர் செலவழித்துக்கொண்டே இருந்தார். விற்கப் போனபோது வந்தவர்களின் வக்கீல்கள் கம்பெனி என்றதும் பின்வாங்கினார்கள். கடைசியில் போட்டதில் பாதிக்குச் சற்று மேல் தேறியது. எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள் என்று ஏஜெண்ட் சொல்வார். செய்கிறார்கள்தான். இப்போது அதிகாரிகள் இந்தக் கம்பெனிகளைத் தேடிப் பிடித்துச் சோதிக்கிறார்களே, அதையும் அவர் சொல்ல வேண்டும்.

தாய்லாந்துப் பெண்ணையோ ஆணையோ மணந்தவர்கள் மூன்றாவது வழி ஒன்றைச் சொல்வார்கள். துணை பெயரில் நிலம் வாங்கலாம், ஆனால் பணம் முழுக்க அவருடையதே என்று நீங்கள் நில அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகு அந்த நிலத்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது. அது குடும்ப விஷயம், நான் பேச ஒன்றுமில்லை.

நான் அதிகம் யோசிக்காமல் விட்டது இன்னொன்று. வீடு வாங்கினால் விசா கிடைத்துவிடாது. வீடு ஒரு துறை, நீங்கள் இந்த நாட்டில் இருப்பது வேறு துறை. 2022-இல் நான் ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேர்வதற்குள் ஒரு மாத இடைவெளி விழுந்தது. வேலை அனுமதி ரத்தானதும் அதை ஒட்டிய விசாவும் போய்விட்டது. எட்டாவது மாடியில் என் பெயரில் வீடு, அதில் என் புத்தகங்கள், பால்கனியில் என் கறிவேப்பிலைச் செடி. நான் மட்டும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். சுற்றுலா விசாவில் திரும்பி வந்தேன். வந்ததும், இந்த வீட்டில் ஒரு வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது வீட்டு உரிமையாளரின் கடமை. உரிமையாளரும் நான்தான், அந்த வெளிநாட்டவரும் நான்தான். என்னைப் பற்றி நானே தகவல் கொடுத்தேன். செடி பட்டுப்போயிருந்தது.

கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது பலரும் நீச்சல் குளத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் ஜூரிஸ்டிக் அலுவலகத்தில் போய் உட்காருங்கள். பொது நிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை வீடு கட்டணப் பாக்கி, கட்டடத்துக்கு என்ன காப்பீடு என்று கேளுங்கள். 28 மார்ச் 2025 அன்று மியான்மரில் 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பாங்காக் ஆடியது. சதுசக் பக்கம் கட்டிக்கொண்டிருந்த அரசுக் கட்டடமே சரிந்தது. மாடிக் குளங்களிலிருந்து தண்ணீர் வழிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கட்டடத்தில் படிக்கட்டுச் சுவரில் விரிசல். ஜூரிஸ்டிக் மேலாளர் மறுநாளே பொறியாளரைக் கூட்டிவந்து, காப்பீட்டுக்கு எழுதி, மூன்று மாதத்தில் பூசி முடித்தார். பொதுப் பகுதிக்குக் கட்டடக் காப்பீடு, வீட்டுக்குள் விழுந்த விரிசலுக்கு என் செலவு. அடுத்த சோயியில், அதாவது பக்கத்துச் சந்தில், இன்னும் ஆடம்பரமான கட்டடத்தில் யார் கட்டுவது என்ற சண்டை பல மாதம் ஓடியது. அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாங்கியவர்கள் கூட்டத்துக்குப் போனார்கள்.

அப்புறம் மழை. அக்டோபரில் ஒரு பெரிய மழைக்குப் பிறகு நீங்கள் வாங்க நினைக்கும் வீடு இருக்கும் சோயிக்கு நடந்து போய்ப் பாருங்கள், எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது என்று. 2011 வெள்ளத்தில் அந்த இடம் என்ன ஆனது என்று காவலாளியிடமோ முனையில் நூடுல்ஸ் விற்கும் அம்மாவிடமோ கேளுங்கள், ஏஜெண்டிடம் கேட்காதீர்கள். ஏப்ரலில் மதியம் மூன்று மணிக்கு இன்னொரு தடவை போங்கள். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் ஏசி ராத்திரி வரை நிற்காது. மூடியே கிடக்கும் வீடுகளில் அலமாரிக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள், பூஞ்சை பிடித்திருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு வாடகைதான். வழக்கமாக இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை கொடுத்து ஒரு வருடத்துக்கு எழுதுங்கள். மின்கட்டணம் மின்வாரிய விகிதமா, உரிமையாளர் வைத்த விகிதமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் நீண்டு, ஊரும் பிடித்துப்போனால், நீங்கள் குடியிருக்கும் அதே கட்டடத்தில் வீடு விலைக்கு வருகிறதா என்று பாருங்கள். அதற்குள் அந்த ஜூரிஸ்டிக் மேலாளர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்திருக்கும். ஹுவா ஹின்னுக்கு வாரக் கடைசியில் போய்வாருங்கள், ரயிலில் மூன்று நாலு மணி நேரம்தான்.