களம் இருந்த இடம்

வணக்கம் ஐயா,

பழைய மகாபலிபுரம் சாலையோரக் கிராமங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். தனியார் குடியிருப்புகள் வரவர ஊர்க்காரர்கள் வெளியேற்றப்படுகிறார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். நான் கேளம்பாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடியில் மூன்று வருடமாக இருக்கிறேன். இருபது வருடக் கடனில் வாங்கிய வீடு. எங்கள் பிளாக்கைக் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருநாள் பேட்மிண்டன் கோர்ட்டைக் காட்டி, "இங்கதாம்மா எங்க களம் இருந்துச்சு" என்றார். இப்போது அவர் திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். அதிலிருந்து மனசு சரியில்லை. ஆனால் இங்கே யாரும் யாரையும் அடித்து விரட்டவில்லையே? நல்ல விலைக்குத்தானே விற்றார்கள்? நான் வாங்கியது தவறா?

வி., கேளம்பாக்கம்

அன்புள்ள வி.,

நீங்கள் வாங்கியது தவறில்லை. வேலை சிறுசேரியில் இருந்தால் வீட்டையும் அந்தப் பக்கம்தான் பார்க்க முடியும். நிலத்தை விற்பதும் அவரவர் உரிமைதான். ஆனால் அந்த அம்மா சொன்னதை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். "எங்க நிலம்" என்று அவர் சொல்லவில்லை. "எங்க களம்" என்றார்.

களம் என்பது நெல் அடிக்கிற இடம். பல ஊர்களில் அது களப்புறம்போக்கு, ஊருக்கே பொது. சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவர்களும் அறுவடை முடிந்து கூலி நெல்லை அங்கேதான் மரக்காலால் அளந்து வாங்குவார்கள். சுற்றியிருக்கும் வயலுக்குப் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். அந்த நிலத்தை நம்பி நாலைந்து குடும்பம் பிழைக்கும். குத்தகைக்குப் பயிர் வைத்தவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள், வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்தவர், அறுத்த வயலில் ஆடு மேய்த்தவர். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவது பட்டாக்காரர் மட்டும்தான். மற்றவர்களிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால் அவர்களுக்கு விலையும் இல்லை. வெளியேற்றப்பட்டார்கள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

இவர்களைச் சட்டத்துக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2013-ல் வந்த மத்திய நில எடுப்புச் சட்டம், நிலமே இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் மூன்று வருடமாக உழைத்துப் பிழைத்த கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே கணக்கில் எடுக்கிறது. அரசு நிலம் எடுத்தால் அவர்களுக்கும் மறுவாழ்வு தர வேண்டும். ஆனால் ஒரு தனியார் நிறுவனம் நேரடியாகப் பேசி வாங்கினால், மாநில அரசு வைக்கிற பரப்பளவு வரம்பைத் தொட்டால்தான் அந்தக் கடமை வரும். இன்று இரண்டு ஏக்கர், ஆறு மாதம் கழித்து இன்னொருவர் பெயரில் மூன்று ஏக்கர் என்று துண்டு துண்டாக வாங்கினால் வரம்பு எங்கே வரப்போகிறது?

விற்றவர்கள் கதைக்கும் வருகிறேன். என் பெரியப்பா திருப்போரூர் பக்கம் எண்பது சென்ட் நன்செய் வைத்திருந்தார். 2006-ல் விற்றார். முதலில் வாய்க்காலின் தலைமாட்டில் இருந்த நிலங்கள்தான் போயின. அங்கே கல் நட்டுக் கொடி கட்டி மனை பிரித்தார்கள். அந்த ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வருஷா வருஷம் வாய்க்காலில் தூர் வாருவது வழக்கம். விற்றவர்களுக்கு இனி வாய்க்கால் எதற்கு? அந்த வருஷம் வேலைக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். கடைமடையில் இருந்த பெரியப்பா வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அப்புறம் வண்டிப்பாதையில் வேலி வந்தது. டிராக்டர் போக வழி இல்லை. அப்போதுதான் புரோக்கர் வீட்டுக்கு வந்தார். "சுத்தி எல்லாம் போயிடுச்சுங்க, நீங்க மட்டும் வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" நிலமோ கூட்டுப் பட்டா. பங்காளிகள் இரண்டு பேர் அதற்குள் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள்.

பத்திரம் முடிந்து வந்த அன்று பெரியப்பா சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கைரேகை வைத்த கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். மடி முழுக்க மை. "யாருடைய தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமான சம்மதத்துடன்" என்றுதான் பத்திரத்தில் எழுதியிருந்தது. உங்கள் கடிதத்தில் "நல்ல விலைக்குத்தானே விற்றார்கள்" என்ற வரியைப் படித்தபோது எனக்கு அந்த வேட்டிதான் கண்ணில் நின்றது.

வந்த பணம் மூன்றாகப் பிரிந்தது. ஒரு கல்யாணம், ஒரு மாடி வீடு, பழைய கடன். அந்த மாடி வீட்டைத்தான் 2015 டிசம்பரில் தண்ணீர் சூழ்ந்தது. சுற்றி வந்த மனைகள் எல்லாவற்றிலும் மண் கொட்டி நாலடி மேடேற்றியிருந்தார்கள். நூறு வருடமாக ஊர்தான் மேடு, வயல்தான் பள்ளம். இப்போது ஊர் பள்ளமாகிவிட்டது. காம்பவுண்டுச் சுவர் ஒரு பக்கம், சாலை ஒரு பக்கம். நத்தத்துத் தெருவில் தேங்கிய தண்ணீருக்குப் போக்கிடமே இல்லை. அதற்கு அடுத்த வருஷம் நான்கு குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டன. பெரியப்பாவின் இளைய மகனும் கல்யாணமானதும் செங்கல்பட்டுக்குப் போய்விட்டான். சொந்த ஊரில் ஒரு அறைக்குக் கேட்ட வாடகையை அவன் சம்பளத்தில் கொடுக்க முடியவில்லை. விரட்டினால்தான் வெளியேற்றம் என்பதில்லை, வி.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் பஞ்சமி நிலங்கள், அதாவது தலித் மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலங்கள், வந்தன. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அப்புறம் விற்றாலும் பட்டியல் சாதியினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. மாமல்லபுரத்தை அடுத்த காரணையின் பஞ்சமி நிலங்களை மீட்கக் கேட்டு 1994-ல் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நில விலை ஏறாத காலத்திலேயே கையை விட்டுப் போன நிலம் அது. விலை ஏறிய பிறகு மீட்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்னைக்குள் குடிசைகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து விட்ட கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இதே பகுதியில்தான் இருக்கின்றன. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கினார்கள். அரக்கோணம், காஞ்சிபுரம் வரை போகிறது. அங்கேயும் வாய்க்காலின் தலைமாட்டில் யாராவது கல் நட்டுக்கொண்டிருப்பார்கள்.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வளாகம் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அது ஊருக்குப் பொது. பல இடங்களில் அதையும் சுவருக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். உங்கள் சங்கக் கூட்டத்தில் அந்தப் பத்திரத்தைக் கேளுங்கள். பழைய சர்வே எண்ணுக்குப் புலப்படமும் வாங்கிப் பாருங்கள். களம், வாய்க்கால், சுடுகாட்டுப் பாதை எது எங்கே இருந்தது என்று அதில் தெரியும். படம் புரியாவிட்டால் அந்த அம்மாவை உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் எந்த வருஷம் ஊரை விட்டுப் போனார், ஏன் போனார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.