பூச்சி எச்சமா, பழைய சேறா?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் 60 சென்ட் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டு எட்டு மாதம் ஆகிறது. பத்து நாளாகத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. டம்ளரில் மொண்டு பார்த்தால் வெள்ளைப் பூச்சிகள் துள்ளுகின்றன, அடியில் தூள் படிகிறது. அது அந்தப் பூச்சிகள் கழிக்கும் எச்சமாம். அதைக் கரைக்க மருந்து இருக்கிறது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை, விற்கப் பார்ப்பது மீதிப் பாதியை.

துள்ளுபவை மொய்னா, சைக்ளாப்ஸ் என்கிற சிறு நீர்ப்பூச்சிகள்தான். சைக்ளாப்ஸ் எச்சத்தை மெல்லிய உறையில் சுற்றி விடுவதால் அது முழுசாக இறங்கும். மொய்னாவின் எச்சம் தளர்வானது, சீக்கிரம் சிதறிவிடும். ஆழமான ஏரியில் இறங்கும் வழியிலேயே பாக்டீரியா கணிசமான பங்கைச் சிதைக்க, அந்தச் சத்து மேல்நீரிலுள்ள பாசிக்கே திரும்புகிறது. ஐந்தடிக் குளத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை. தரையைத் தொட்ட பிறகுதான் மிச்சம் அழுகும், அதுவும் உங்கள் மீனுக்கான ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு.

ஆனால் மீன் வாய் பிளப்பதற்கு எச்சத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியை இந்தப் பூச்சிகள் மேய்ந்து தீர்த்துவிட்டன. பழுப்பு நிறம் அதைத்தான் காட்டுகிறது. சாணம், தீவனம் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். விடியலுக்கு முன் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைச் சிதறடித்துப் பாய்ச்சுங்கள்.

சரி, நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று: குளத்தைக் கடைசியாக எப்போது காய வைத்தீர்கள்? என்னிடம் வருகிற இம்மாதிரிக் குளங்களில் பாதிக்கு மேல் நான்கைந்து வருடம் காயாதவை. காலை வைத்தால் முழங்கால் வரை கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். தரை பாளம் பாளமாக வெடிக்கிற வரை காய்ந்தால், காற்றுப் பட்டுப் பழைய கழிவு தானே மட்கும். அப்புறம் மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு போட்டால் போதும். இந்த வேலையைப் பாட்டிலில் அடைத்து விற்க யாராலும் முடியாது. விற்பவர்களுக்கும் அது தெரியும், கோடைக்கு முன்பே கடன் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள்!

சேற்றைக் கிளற மிர்கால் இருக்கிறது, நல்லது. கட்லா எத்தனை விட்டீர்கள்? இந்தப் பூச்சிகளைத் தின்ன வேண்டியது அதுதான். எண்ணிக்கை குறைந்திருந்தால் அடுத்த முறை குஞ்சு விடும்போது கூட்டுங்கள். குளத்தின் தரையில் சங்கிலி இழுத்துச் சேற்றில் அடைந்த வாயுவை வெளியேற்றச் சொல்வார்கள். மீன் வாய் பிளக்கிற இந்த நாட்களில் அதைத் தொடாதீர்கள். தெளிந்த பிறகு, நல்ல வெயிலில், ஒரு நாளைக்கு ஒரு மூலை மட்டும்.